உப்புக்கு வந்த காப்பு

14 மார்கழி 1996, சனி

விளக்கு வைத்த பிறகு மேல்வீட்டு மூசா வந்து உப்புக் கேட்டார். மாலி நாட்டுச் சொங்காய் இனத்தவர். இங்கே வியா மக்வேதா தெருவில் காப்பு, மாலை விற்கிறார். பொழுதுபட்டபின் உப்புக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பியபின் மனம் கேட்கவில்லை.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. தங்கமுலாம் பூசிய இரண்டு காப்புகளோடு திரும்பி வந்து இத்தாலியனில் சொன்னார்:

“சும்மா தர வேண்டாம், சிஞ்ஞோரா. மாத்துவம். எங்கடை ஆக்கள் ஆத்திலை வள்ளம் விட்டு, உப்பையும் பொன்னையும் மாத்தித்தான் ராச்சியமே கட்டினவை.”

மாற்றினால் கொடுத்ததாகுமா என்று என் கணவரைக் கேட்டேன்.

“யாவாரமெண்டால் லட்சுமி வருவாவெல்லோ,” என்றார்.

ஒரு முழுப் பை உப்பைக் கொடுத்தேன். லட்சுமி போகவில்லை. இதை எழுதும்போதும் என் கையில் கிலுங்கிக்கொண்டிருக்கிறாள்.