சூடேறும் முன் கொடுத்த சாவி

மாப்ளே,

இன்று காலை உன் காரில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவியதும் கருகின ஆயில் வாடை மூக்கில் ஏறியது. ஒரு வருடமாக உன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்ற கார். உன் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் போய்வர வண்டி வேண்டும், பார்த்துக் கொடுங்கள் என்று தங்கச்சி, உன் மனைவி, சொல்லி அனுப்பியிருந்தாள். வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராஜபாளையத்தில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய ஒர்க்ஷாப்புக்கே அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

நம் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ரிப்பேர் பார்த்தவன் ஓட்டிப் பார்க்கக் கூடாது. நான் கை வைத்த வண்டியை நீ ஓட்டுவாய், நீ கை வைத்ததை நான் ஓட்டுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்பி வந்து ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் சாவி கஸ்டமர் கைக்குப் போகும். நான் சோம்பேறி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு வந்து சரி என்று சொல்லப் பார்ப்பேன். நீ வந்து சூடு காட்டும் ஊசியை எட்டிப் பார்ப்பாய். “ஏலே, ஊசி நடுவுக்கு வரட்டும், பொறவு பேசு” என்பாய், அதையும் கஸ்டமரை வைத்துக்கொண்டே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் போவேன்.

உன் சொந்தக் காரில் கோளாறு வந்தபோது மட்டும் இந்த வழக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. நிற்கும்போது நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது என்றாய். ஸ்கேனரை மாட்டினேன். வால்வு டைமிங் முன்னால் போய் நின்றுகொள்வதாகக் காட்டியது. வேகமாகப் போகும்போது வால்வு சீக்கிரம் திறக்க வேண்டும். வண்டி நின்றால் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் நடுங்கி அணையும். ஆயில் அழுத்தம்தான் அதைச் செய்கிறது. ஆயிலைத் திருப்பிவிடும் சொலினாய்டு போயிருக்கும் என்று முடிவுகட்டிப் புதிது மாட்டினேன். அங்கேயே அந்த ஆயிலை வடிகட்ட விரல்நுனி அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. அதை எடுக்க ஒரு பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. நான் எடுக்கவில்லை.

ஆறிக் கிடந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். நடுக்கமே இல்லை. ஆறின இஞ்சினில் அந்த வால்வு வேலையே தொடங்காது, சூடேறிய பிறகுதான் தொடங்கும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தும் சாவியை நீட்டினேன். “நீ பாத்தா போதும்லே” என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு வேறொரு வண்டிக்கு அடியில் நுழைந்தாய். உன் வீட்டுக்கும் கடைக்கும் இரண்டே தெரு. அடுத்த நான்கு நாளில் அந்த இஞ்சின் ஒருமுறைகூட முழுதாகச் சூடாகவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை காலையில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. உள்ளூர் டாக்டர் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தங்கச்சியே காரை எடுத்தாள். நான் அப்போது ஆலங்குளத்தில் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் இருக்கும் பெருமாளைக் கும்பிட வந்த கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஊர்ந்து போன இடத்தில் கார் நடுங்கி அணைந்தது. சாவியைத் திருகினால் பிடித்தது, உடனே அணைந்தது. பல தடவை திருகிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டும் முன்பே நீ போய்விட்டாய்.

வண்டி நிற்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இழவு வீட்டில் எல்லாரும் பழைய வண்டி, என்ன செய்ய என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டிய தலையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்று இஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தேன். நடுங்கியது, அணைந்தது. பிராக்கெட்டைக் கழற்றிச் சல்லடையை எடுத்தேன். சல்லடைக் கண்ணே தெரியாமல் கறுப்புப் பிசின் அப்பிக் கிடந்தது. கழுவி மாட்டி, ஆயிலை மாற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நானே போய்வந்தேன். எங்கே நிறுத்தினாலும் அணையவில்லை.

சாயங்காலம் தங்கச்சி வந்தாள். காகிதத்தில் துடைத்து எடுத்த அந்தப் பிசினைக் காட்டி, இதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல் விட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

“தெரியும்ணே. போற வழியிலயே அவிய சொன்னாவ. சூடேறவும் நடுங்குது, சல்லடைய விட்டுட்டான் போலன்னு. அவன்ட்ட சொல்லிராத, சோறு திங்க மாட்டான்னாவ.”

நான் அப்படியே டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் கோளாறு பார்த்திருக்கிறாய். அழுகையும் வந்தது, உன் மேல் கோபமும் வந்தது. தங்கச்சி என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

“அவிய மன்னிச்சிட்டாவ. எனக்கு இன்னும் முடியலண்ணே.”

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம். அதை நான் சுமப்பேன். அவள் சொல்லாமல் இருந்திருந்தால்தான் கஷ்டம். ஆனால் மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நீ என் சாப்பாட்டை யோசித்தாயே, அதைத்தான் மாப்ளே என்னால் தாங்க முடியவில்லை. வீட்டில் தட்டு வைத்தார்கள். சோறு திங்க மாட்டான் என்று நீ கவலைப்பட்டாயே என்பதற்காக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.