செல்வி வந்துவிட்டாள், சம்பந்தி

சண்டை போட ஆள் இல்லாமல் என்னைத் தவிக்கவிட்டுப் போன அருமைச் சம்பந்தி வேலாயுதம் அவர்களுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் நலத்துக்கு என்ன குறை இருக்கப் போகிறது? இங்கே உங்கள் மகள் மல்லிகா நலம். என் மகன் சேகர், அதாவது உங்கள் மாப்பிள்ளை, தூக்கம் மட்டும் குறைந்து, மற்றபடி நலம். அவன் தூக்கம் ஏன் குறைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுத்துப் பிழைகளை மன்னியுங்கள். எட்டாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் பொறுக்க முடியாமல் பிரிந்தவர்கள். அப்புறம் பஸ் கண்டக்டராக இருந்தபோது டிக்கெட் கிழிக்கத்தான் கை பழகியது, எழுத அல்ல. இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தபால்காரரைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதனால் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். அதில் யாராவது ஒருவர் உங்கள் பக்கம் வருகிறபோது சொல்லாமலா இருப்பார்?

சைதாப்பேட்டையில் உங்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மோரை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து மல்லிகா சொன்னாள்.

"அப்பா, நாங்க ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாம்னு இருக்கோம். சொந்தத்துல இல்ல. அடையாறுல ஒரு இல்லம் இருக்கு. அங்கேருந்து."

கல்யாணமாகி இத்தனை வருஷம் கோயில், டாக்டர், விரதம் என்று ஏறி இறங்கியவள். அவள் எதையும் யோசிக்காமல் சொல்லவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள். தியாகராய நகர் ஜவுளிக்கடையில் ஆயுசு முழுவதும் வேலை பார்த்தும் உங்கள் திருநெல்வேலித் தமிழ் கொஞ்சமும் சாயம் போகவில்லை.

"என்னட்டி பேசுத? யாரு பெத்த புள்ளையோ! என்ன குலமோ, என்ன கோத்திரமோ! எந் தம்பி வீட்டுல வரிசையா நிக்கே, அதுல ஒண்ணக் கூட்டியாந்து வளத்தா ஆவாதா?"

நான் சும்மா இருப்பேனா? "இன்னா சம்மந்தி, உங்க தம்பி புள்ளைங்களுக்கு ஆத்தா அப்பன் நல்லா கீறாங்கோ. யாரும் இல்லாத புள்ளை இன்னா பண்ணும்?"

"ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"இருக்கட்டும். சொந்த ரத்தம்னா என் மூக்கு வரும், உங்க காது வரும். ரெண்டும் ஒரே மூஞ்சில வந்துச்சின்னா அந்தப் பொண்ண எவன் கட்டிக்குவான்? தத்து எடுத்தா அந்த பயமே கெடையாது."

மல்லிகா சிரித்துவிட்டாள். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் கடைசி அம்பை விட்டேன்.

"மல்லிகாவை நானா பெத்தேன்? மணவறையில நீங்க தண்ணி ஊத்திக் கைமேல குடுத்தீங்கோ, நாங்க வாங்கிக்கினோம். இன்னிக்கு அது எங்க வூட்டுப் பொண்ணா இல்லியா?"

"அது கலியாணம்." எழுந்து கை கழுவினீர்கள். துண்டில் துடைத்துக்கொண்டே, "என்னமும் செய்ங்க. எங் கை அதுல படாது," என்றீர்கள்.

அந்த வார்த்தை மல்லிகாவுக்கு எங்கே போய்த் தைத்தது தெரியுமா? பஸ்ஸில் திரும்பும்போது மயிலாப்பூர் வருகிறவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "மாமா, வர்ற குழந்தைக்கு எங்கப்பா தாத்தாவா இருக்க மாட்டாரா?"

அப்புறம் இல்லத்திலிருந்து ஒரு அம்மாள் வீட்டைப் பார்க்க வந்தார். தண்ணீர் எங்கே பிடிக்கிறோம், குழந்தை எங்கே தூங்கும், ஸ்டுடியோவில் லைட் வேலை செய்கிற சேகர் எப்போது வீட்டுக்கு வருவான், எல்லாம் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பெரியவருக்கு ஏதாவது பழக்கம் உண்டா?"

"உண்டும்மா. பேசுற பழக்கம். டாக்டரே கைவிட்டுட்டாரு."

மல்லிகா என் காலை மிதித்தாள். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "குழந்தைக்குப் பேச்சுத் துணை இருக்குன்னு சொல்றேன்," என்றார். பார்த்தீர்களா, என் வாய் எங்களுக்கு ஒரு காரியம் செய்தது.

பக்கத்து வீட்டு மாமியும் விடவில்லை. "உங்காத்துல தத்து எடுத்துக்கறேளாமே? தாயாதில ஒண்ணும் கிடைக்கலையா?" என்று கேட்டாள். கொஞ்ச நாள் வேளச்சேரிப் பக்கம், வயலும் ஏரியுமாக இருக்கிற இடத்தில், வீடு எடுத்துப் போய் இருந்துவிட்டுக் குழந்தையோடு வந்தால் பெற்ற பிள்ளை என்றே ஊர் நம்பிவிடும் என்று ரகசியமாக வழியும் சொல்லிக் கொடுத்தாள். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறதாம். மல்லிகா கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "வேணாம் மாமி. பொய்யில ஆரம்பிச்சா ஆயுசுக்கும் அதுக்குக் காவல் இருக்கணும்," என்றாள். உங்கள் மகள் பேச்சில் உங்களைவிடச் சுருக்கம்.

இதற்கு நடுவில்தான் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். நான் பார்க்க வந்தபோது, உங்கள் கட்டில் அகலத்தைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தேன். நீங்கள் பதிலுக்குக் கிண்டல் செய்யவில்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அந்த அடையாறு விசயம் என்னாச்சு?" என்று கேட்டீர்கள்.

"கோர்ட்ல கீது சம்மந்தி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அப்புறம் நாம் பேசவே இல்லை. ஆசையில் கேட்டீர்களா, பயத்தில் கேட்டீர்களா? இல்லை, மின்விசிறி சத்தத்தை மறக்க ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டீர்களா? இதை நான் எத்தனையோ தரம் மல்லாந்து படுத்துக்கொண்டு யோசித்துவிட்டேன்.

உங்கள் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் கோர்ட்டு அனுமதி வந்தது. பெற்றவர் இருந்தால் அவர் கொடுக்கலாம். யாரும் இல்லாத குழந்தை என்றால் அதைக் காக்கிற இல்லம் கொடுக்கலாம், ஆனால் நீதிபதி கேட்டுப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். சம்மதித்துவிட்டார். எங்கள் வக்கீல், நல்ல பையன்தான், படித்த களை முகத்திலேயே இருக்கும், அவர் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். அனுமதி வந்தால் மட்டும் தத்து ஆகிவிடாதாம். கொடுக்கிறவர் குழந்தையைக் கையால் கொடுக்க வேண்டும், எடுக்கிறவர் கையால் வாங்க வேண்டும். அதுதான் தத்து. மணவறையில் நீங்கள் செய்த மாதிரியே. இதைக் கேட்டபோது உங்களுக்குத் தந்தி அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்று காலை அடையாறு இல்லத்து வாசலில் நாங்கள் நின்றோம். மல்லிகா பட்டுச் சேலை, சேகர் இஸ்திரி போட்ட சட்டை. பெரியம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற இல்லத் தலைவி உள்ளேயிருந்து குழந்தையோடு வந்தார். இரண்டு வயது நிரம்பாத பெண். எண்ணெய் தடவி வகிடு எடுத்த தலை. கண்களில் மை. படியில் நின்று, "இந்தாங்க," என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் வாங்கிவிட்டேன், சம்பந்தி!

என்ன செய்வது? வேலை பார்த்த காலமெல்லாம் பஸ் படியில் நின்று, "குடும்மா கொயந்தைய, நீ ஏறு மொதல்ல," என்று எத்தனை தாய்மார்களிடமிருந்து வாங்கிய கை இது! படியில் ஒருத்தி குழந்தையை நீட்டினால் என்னைக் கேட்காமலே இந்தக் கை நீளுகிறது.

வக்கீல் பதறிவிட்டார். "ஐயா, ஐயா! நீங்க ஏன் வாங்குறீங்க? இப்படியே விட்டா இது உங்க பொண்ணு! உங்க மகனுக்குத் தங்கச்சி!"

"அதுக்கின்னா? அண்ணங்காரன் சீர் செய்யட்டும்."

சேகர் சிரித்தான். மல்லிகா சிரிக்கவில்லை. ஏனென்றால் குழந்தை என் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துவிட்டது. பிரித்து எடுத்துப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்தால் ஒரே அழுகை. மல்லிகா கையை நீட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. சேகர் நீட்டினால் இன்னும் சத்தம். நான் கிலுகிலுப்பை ஆட்டினேன், பஸ் விசில் மாதிரி ஊதினேன், என் மூக்கைக்கூடப் பிடித்து இழுத்துக் காட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

பெரியம்மா மெதுவாகச் சொன்னார். "அழற குழந்தையை நான் கை மாத்திக் குடுக்க மாட்டேன்மா. அது மனசா வரணும். நாலஞ்சு தரம் வந்து பழகுங்க. இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

மல்லிகாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டாம். நல்லவேளை, பார்க்கவில்லை. "என்கிட்ட வரமாட்டேங்குதே மாமா," என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் திரும்பி நடப்பாள் என்று நினைத்தேன். நடக்கவில்லை. பட்டுச் சேலையோடு அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையைச் சுற்றிக்கொண்டு போக என்று பையில் ஒரு பழைய வேட்டி வைத்திருந்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன வேட்டி. அதை எடுத்தாள். ஒரு ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தாள். மணிக்கட்டை ஒரு சொடுக்கு.

அந்தச் சொடுக்கு யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? கடையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்து, மடித்த சேலையை நீங்கள் ஒரு சொடுக்குச் சொடுக்கினால், அது காற்றில் முழுசாக விரிந்து, ஒரு கணம் அப்படியே நின்று, மெதுவாக இறங்குமே! வாங்க வந்த பெண்கள் விலையை மறந்து வாயைத் திறந்து பார்ப்பார்களே!

வேட்டி அப்படியே விரிந்தது. மல்லிகாவின் தலைமேல் வந்து இறங்கியது. உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

அழுகை நின்றது.

இன்னொரு சொடுக்கு. குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தது. மூன்றாவது சொடுக்குக்குப் பெரியம்மா கையிலிருந்தே முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் அந்தத் துணிக்கு நீட்டியது. பெரியம்மா குனிந்து கொடுத்தார். மல்லிகாவும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த சேகரும் சேர்ந்து வாங்கினார்கள். வேட்டி மூன்று பேர் மேலும் விழுந்தது. நான் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. வக்கீல்தான் மூக்கை உறிஞ்சினார்.

டாக்ஸியில் வரும்போது மல்லிகா சொன்னாள். "அம்மா போனப்புறம் நான் அழுதா அப்பா இப்படித்தான் செய்வாரு மாமா. கடையிலேருந்து வந்து, சட்டைகூடக் கழட்டாம, வேட்டிய விரிச்சு விரிச்சுக் காட்டுவாரு. நான் சிரிக்கிற வரைக்கும்."

"இது யார் வேட்டிம்மா?" என்று கேட்டேன்.

"அவரோடதுதான். குழந்தைய தாத்தா வேட்டியிலதானே சுத்துவாங்க?"

கை படாது என்றீர்களே, சம்பந்தி! இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அவள் பெயர் செல்வி. இல்லத்தில் வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் சொந்தமாகக் கொண்டுவந்தது அது ஒன்றுதான், அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டோம். பெற்றவள் எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. அவளுக்கும் சேர்த்து மல்லிகா தினமும் விளக்கேற்றுகிறாள்.

பாதி ராத்திரியில் எழுந்து விளையாடக் கூப்பிடுகிறாள், சேகருக்குத் தூக்கம் போனது அப்படித்தான். நேற்று குளத்தங்கரையில் கீரை விற்கிற அம்மாள் அவளைப் பார்த்துவிட்டு, "அப்டியே தாத்தா மூக்கு!" என்றாள். நான் மறுக்கவில்லை. செல்விதான் என் மூக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு, நீங்கள் சுளிக்கிற மாதிரியே முகத்தைச் சுளித்தாள். உங்கள் பேத்தி இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

ஒரு வாக்குத் தருகிறேன். விவரம் தெரிகிற வயதில், தெருவில் யாரோ வாய் தவறிச் சொல்வதற்கு முன்னால், அவள் எங்கேயிருந்து வந்தாள் என்று நாங்களே அவளுக்குச் சொல்வோம். அந்தப் படி, அந்த அழுகை, நான் இடையில் புகுந்து வாங்கியது, எல்லாம் சொல்வேன். ஒரு தாத்தா அவசரப்பட்டுக் கையை நீட்டினார், இன்னொரு தாத்தா இல்லாமலேயே துணியை விரித்து உன்னை உள்ளே கூப்பிட்டார் என்று சொல்வேன். உங்களைக் கொஞ்சம் நல்லவராகவே காட்டுகிறேன், பயப்படாதீர்கள். அந்த வேட்டி கிழிகிறவரை அவளுக்குத்தான்.

இத்தனை நாளும் உங்கள் சம்பந்தி என்றுதான் என்னைச் சொல்லிக்கொண்டேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் இன்னொரு தாத்தா,
கோபால்
மயிலாப்பூர்