கிள்ளானிலிருந்து தனியாக

12 பிப்ரவரி 2025
காலையில் கோப்பி கலக்கினேன். பாதி கப்பில், பாதி மேசையில். என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "நீ உட்காரு தாமரை, நான் செய்றேன்" என்றார். கண் போன இந்தப் பதினோரு மாதமாக அதே பேச்சுதான்.

பதினான்கு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள் நான். இப்போது பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு போனிடம் கிசுகிசுக்கிறேன், அது டைரி எழுதுகிறது. எனக்கே அலுத்துப்போச்சு.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. சொன்னேன்.

24 பிப்ரவரி
வெள்ளைத் தடி கிடைத்தது. பயிற்சி தரும் ஷபானாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே ஒரு பூந்தொட்டியில் மோதி, அதனிடம் "சோரி, பாஸ்" என்றேன். ஷபானா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாச்சு!

11 மார்ச்
விழுந்தேன். சாக்கடை ஓரம். முட்டியில் ரத்தம். "பாவம், இவங்கள ஏன் தனியா விட்டாங்க" என்று யாரோ ஒரு பெண். முட்டியைவிட அதுதான் எரிஞ்சது.

வீட்டில் அவர், "போதும் லா, இனிமே போக வேணாம்" என்றார். இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் என்னை ரயிலில் கூட்டிப்போய்க் கூட்டி வருகிற மனுஷன். கோபிக்கவும் முடியல. அழுதேன். ஒரு நிமிஷம் எனக்கும் 'போதும்'னு தோணிச்சு — அதுக்குத்தான் அழுதேன்.

12 மார்ச்
போனேன்.

8 மே
இன்று முதன்முறையாகத் தனியாக ரயில்! கிள்ளான் ஸ்டேஷன் வாசலிலேயே அவரை அனுப்பிவிட்டேன். பிளாட்பாரத்தின் புடைத்த கோட்டைக் காலால் தடவி நின்று, ஏறி, உட்கார்ந்தேன். ஷா ஆலம் தாண்டியதும் பின்னால் ஓர் இருமல். இருபது வருடமாகக் கேட்கிற இருமல்.

"ஏங்க."

இருமலை அடக்கும் சத்தம்.

"ஏங்க, நீங்கதானே?"

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலை."

"ராத்திரி பூரா ஷிப்ட் பாத்துட்டு என்ன வேலை? சுபாங்ல இறங்கி, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

பக்கத்து சீட்டு ஆன்டி சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். இறங்கும்போது என் தோளைத் தொட்டார். கதவு மூடியது.

அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே தனி. பயமா? இருந்தது. ஆனால் வேனை முதல் நாள் நானே கிளப்பியபோது வந்த அதே குறுகுறுப்பும் இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, லிப்ட்டைத் தேடி இரண்டு முறை வழி தவறினேன். கேட்டேன். கண்டுபிடித்தேன்.

பயிற்சி நிலைய வாசலில் ஷபானா, "அக்கா, யார்கூட வந்தீங்க?"

"யார்கூடவும் இல்ல லா!"

கத்தியே விட்டேன். தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். பார்க்கட்டும்.

20 ஜூன்
நான் வைத்த ரசத்தில் உப்பு அதிகம் என்று சண்டை பிடித்தார். கண் போன பிறகு அவர் என்னோடு போட்ட முதல் சண்டை. நானும் விடவில்லை. என்ன சந்தோஷம்!

2 ஆகஸ்ட்
ரவாங், தங்கை சந்திரகலா வீடு. அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நான்கு நாள். அவள் கணவர் வேலைக்குப் போகவேண்டும். நேற்று துணிப்பையோடு தனியாக ரயில் ஏறி வந்துவிட்டேன்.

காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை நடந்தாள். மீன் குழம்பு வைத்து, சோறு போட்டு, மாத்திரை கொடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் போன் செய்து, "எப்ப வர்ற?" என்றார்.

"இவ நல்லா நடக்கட்டும். அப்புறம் வரேன்."

இதோ, உள்ளிருந்து கூப்பிடுகிறாள். போகணும்.