பெரியப்பா ஏன் கத்தவில்லை

பெரிய காஞ்சிபுரம்
14-7-2002

அன்பு மகள் கீர்த்திக்கு அப்பா எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் வாடாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போன வாரம் போனில் தர்மன் தாத்தா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டபோது மழுப்பிவிட்டேன், அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். நான் யாரையும் நம்புவதில்லை என்று அவளுக்கு ஏற்கெனவே சலிப்பு, 'ஜரிகை அசலான்னு சொரண்டிப் பாக்குற மாதிரி மனுஷங்களையும் சொரண்டிக்கினு இருக்காரு' என்று உன்னிடமே சொல்லியிருப்பாள். அதனால் நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

தை மாதம் பெரியப்பா, அதாவது உன் தர்மன் தாத்தா, குளியலறையில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். கல்யாணமே செய்துகொள்ளாமல் என்னை வளர்த்து ஆளாக்கிய மனிதர், இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, வெறும் அடிதான் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகு புரட்டினால் கத்தினார், போர்வை பட்டால் கத்தினார், தெருக்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்று 'பெரியவர இன்னாபா பண்றீங்க' என்று கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு மணிக்கட்டு வீக்கம், அவளால் தூக்க முடியவில்லை. கடைசியில் அவரே 'என்ன எங்கனா ஒரு ஹோம்ல வுட்டுடு சுந்தரம், உங்க ரெண்டு பேரையும் சாவடிச்சிக்கினு இருக்கேன்' என்றார். தாமல் போகிற வழியில் உள்ள முதியோர் இல்லத்தில் பங்குனியில் சேர்த்தோம்.

அங்கே போன கொஞ்ச நாளிலேயே கத்தல் நின்றுபோயிற்று. பொறுப்பில் இருக்கும் கமலவேணி அம்மாள் 'உங்க பெரியப்பா மாதிரி சமத்தான ஆளே இல்ல சார், வலின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல' என்று சிரித்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் உறுத்தல். வீட்டில் அப்படி அலறியவர் இங்கே எப்படி ஊமையானார். அந்தக் கூடத்தில் இருப்பதெல்லாம் படுத்த படுக்கையான கிழவர்கள், ஒருவரிடமிருந்தும் முனகல்கூட இல்லை. தூக்க மாத்திரை போட்டுக் கிடத்துகிறார்களோ என்று நினைத்து, அவருக்குக் கொடுக்கும் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் சின்ன காஞ்சிபுரம் தனசேகரன் டாக்டரிடம் காட்டினேன். ஒன்று ரத்தக்கொதிப்புக்கு, மற்றது சத்து மாத்திரை என்றார். அப்புறம் பார்த்தால், நான் வாங்கிக்கொடுத்த புதுத் துண்டின் முனை நார்நாராகக் கிழிந்திருந்தது. அதைக்கொண்டு கையைக் கட்டிப்போடுகிறார்களோ என்று அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன், தடம் எதுவும் இல்லை. கேட்டதற்கு 'எலி கட்ச்சிருக்கும்பா' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம்தான் பார்க்க விடுவார்கள். நான் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய் நின்றேன். குளிப்பாட்டும் நேரம், இரண்டு பேர் அவரைத் தூக்கினார்கள், முரட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அவர்கள் கை வைப்பதற்கு முன்பே பெரியப்பா துண்டின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியெல்லாம் வேர்த்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கமலவேணி 'வலிக்குதா தாத்தா' என்று கேட்டாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு 'இல்லம்மா' என்று சிரித்தார், கீர்த்தி.

நான் கிட்டே போய்க் கேட்டாலும் அதே பதில்தான். பக்கத்துக் கட்டிலில் பூவராகவன் என்று ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார், பெருமாள் கோயில் பக்கத்துக்காரர், என்னைக் கையசைத்துக் கூப்பிட்டுக் காதில் சொன்னார். 'அவரைப் படுத்தாதீங்கோ. வலிக்கறதுன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிச்சுடுவா. இங்கேர்ந்து போனவா ஒருத்தரும் திரும்பி வரலை. அதனால யாரும் வாயைத் திறக்கறதில்லைன்னு நாங்க பேசி வெச்சுண்டிருக்கோம்.' நான் யார்யாரையோ வேவு பார்த்துக்கொண்டிருந்தேன், மறைத்தது முழுக்க அந்தக் கிழவர்கள்தான்.

'உங்கள எங்கியும் வுட்டுட்டு வரமாட்டேன் பெரியப்பா' என்று சத்தியம் செய்தேன். 'முன்ன போனவங்களுக்கும் இப்டிதான் சொன்னாங்க' என்றார், என்னை வளர்த்தவர் அல்லவா, அவருக்கும் நம்பிக்கை வரவில்லை. தனசேகரன் டாக்டரையே அங்கே அழைத்துப்போனேன். அவர் இடுப்பில் லேசாக அழுத்தியதும் இத்தனை நாள் அடக்கிய சத்தமெல்லாம் வெளியே வந்தது. எக்ஸ்ரேக்கு வேனில் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன், வழியெல்லாம் என் கையை அவர் விடவில்லை, பொழுது சாய்வதற்குள் அதே கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகுதான் விட்டார். இடுப்பு எலும்பில் விரிசல், தை மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணில் படாமல் போனது. இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம், அவர் கேட்கும்வரை காத்திராமல் வலி மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுங்கள், புரட்டும்போது காலுக்கு நடுவில் தலையணை வையுங்கள் என்றார் டாக்டர். இப்போது உட்கார வைத்தால் இரண்டு இட்லி சாப்பிடுகிறார்.

மறுபடி டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் பையை எடுத்தபோது பூவராகவன் வகுப்புப் பையனைப்போல் கையைத் தூக்கினார், முழுசாகத் தூக்க முடியவில்லை. 'டாக்டர், நேக்கு இந்தத் தோள்பட்டை' என்றார். அதற்குள் எதிர்க் கட்டிலிலிருந்து 'எனக்கு முட்டி சார்' என்று ஒரு குரல், அந்தப் பக்கம் இன்னொன்று. டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கமலவேணி வாசற்படியிலேயே நின்றாள். அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இல்லை என்ற பதில் அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. நான் இன்னும் நேரம் கெட்ட நேரத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆவணியில் நீ வரும்போது தாத்தாவிடம் வலிக்குதா என்று கேட்காதே, எங்கே வலிக்குது என்று கேள். இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு விட்டுப்போகிறது என்று ஒரே ஒருமுறை சொன்னாய், அப்புறம் எப்போது பேசினாலும் நான் கேட்பதற்கு முன்பே நல்லா இருக்கேன்பா என்கிறாய். அதை இனி நான் நம்புவதாக இல்லை. காமாட்சி உங்கள் மூவரையும் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு, குழந்தைக்கு முத்தம். பதிலில் ஊர்க்கதை எதுவும் வேண்டாம், உனக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் எழுது.

உன் அப்பா,
கலியாணசுந்தரம்