தொண்டைக்குப் பதில் ஆறு கம்பி

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. துணுக்காய் றோட்டில் வெள்ளம். முன்பள்ளிக்குப் பாதிப் பிள்ளைகள்தான்.

தைரொயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு இன்றுதான் பாடிப் பார்த்தேன். காற்று மட்டும் வந்தது. பிள்ளைகள் பாடாமல் என் வாயையே பார்த்தார்கள். நான்கு வயது அபிநயா: "ரீச்சர், உங்கட தொண்டைக்குள்ள தவளை இருக்கோ?" எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். பிறகு கக்கூசுக்குள் போய் அழுதேன்.

டொக்டர் சொன்னது: குரல் திரும்பி வரலாம், வராமலும் விடலாம்.

கூடப் படிப்பிக்கும் கலா ரீச்சர்: "பாட்டை நான் பாக்கிறன். நீங்கள் படம் கீறிக் குடுங்கோ." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இத்தனை வருடமாகப் பாட்டுத்தான் என் வேலை.

நவம்பர் 6, வியாழன்

என் கணவரின் தம்பி கொழும்புக்குப் போகும்போது விட்டுப்போன கிற்றார். அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். உள்ளே பல்லி முட்டை. போனில் வீடியோ பார்த்து ஸ்கேல் பயிற்சி. ஸ ரி க ம ப த நி ஸ, ஏறி இறங்கி. முன்பு தினமும் பிள்ளைகளுக்குப் பாடிக்காட்டிய அதே வரிசை. இது வந்தால் போதும்.

முதல் ஸவுக்கே மோதிரவிரல் வளையவில்லை. கொர்ர் என்று இரைச்சல். வயலால் வந்த இவர் வாசலில் நின்று, "என்ன, மோட்டர் தண்ணி இழுக்கேல்லையோ?"

குரல் இருந்திருந்தால் ஏசியிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். தலையணை உறை தோய்த்தேன். விரல் நுனியெல்லாம் எரிவு. தேங்காய் இவர்தான் துருவினார்.

கண்டுபிடிப்பு: கம்பியைக் கிற்றார்க் கழுத்தில் உள்ள கட்டத்தின் நடுவில் அழுத்தக்கூடாது. இரும்புக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் அழுத்தவேண்டும். இரைச்சல் போய்விட்டது!

குசினிக்குள்ளிருந்து இவர்: "இஞ்சை, அதைத் திரும்ப ஒருக்கா அடியும்."

"எதை?" காற்றுக் குரல்தான்.

"அந்த ஏறிப் போறதை."

அடித்தேன். திரும்பவும். சோறு அடிப்பிடித்தது.

நவம்பர் 12, புதன்

தூறல். கிற்றாரை உரப்பையால் சுற்றி, மோட்டார் சைக்கிளில் இவர் கொண்டுவந்து இறக்கினார். பிள்ளைகளை ஆளுக்கொரு தரம் கம்பியைத் தட்டவிட்டு, வட்டமாக இருத்தினேன். பாடச் சொல்லவில்லை. அடித்தேன்.

ஸ. ரி. க. கலா ரீச்சர் தாள் வெட்டுவதை நிறுத்தினார். ம வரும்போது யாரோ முணுமுணுத்தது கேட்டது. ப, த... நாலைந்து குரல். நி. மேல் ஸவுக்கு விரல் வழுக்கியது. டொக். சுரமே இல்லை.

அவர்கள் நிற்கவில்லை. அந்த ஸவைத் தாங்களே பாடினார்கள், நீளமாக, தகரக் கூரை அதிர.

பிறகு அபிநயா: "ரீச்சர், இனிக் கீழ இறங்குவம்."