மரத்துக்குள் இரும்பு

மார்ச் 3, திங்கள்

இன்று ஆறு லாரி மரம் இறங்கியது. எல்லாம் மேட்டுக்காட்டு மரம். போர் முடிந்து பதினோரு வருடம் ஆகிறது. அங்கே இப்போதுதான் கண்ணிவெடிகளை எடுத்து முடித்து, மரம் வெட்ட விட்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் வைரம் பாய்ந்த நல்ல மரம். உள்ளே தோட்டா, ஷெல் துண்டு, முள்கம்பி. எல்லாவற்றையும் பட்டை மூடிவிட்டது. ரம்பம் அதில் பட்டால் தொலைந்தோம்.

அதற்காகத்தான் மில்லில் அக்கரைக்காரனை வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். போரில் எங்களுக்கு எதிரே நின்றவன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரும்பைக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டரை ஒவ்வொரு கட்டையின் மேலும் நகர்த்துவான். சத்தம் வந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவான். இன்று ஏழு குறி. மச்சான் வழக்கம்போலக் கிண்டல் செய்தார்: "அன்னைக்கு சுட்டதும் நீ, இன்னைக்குத் தேடுறதும் நீ. ரெண்டு வேலைக்கும் உனக்கே சம்பளம்." அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைப் படையில் சேர்த்துவிட்டவர் அவர். மில்லில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ரம்பத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

மார்ச் 5

குக்கர் விசில் அடித்தது. அடுப்பிலிருந்து அதைத் தூக்கி வாசலில் எறிந்திருக்கிறேன். எறிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மகளின் காலில் கொதிநீர் தெறித்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அழாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை.

மார்ச் 7

வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் அறுத்தாக வேண்டும் என்று முதலாளி கத்திவிட்டுப் போனார்.

மார்ச் 10

மச்சான் போய்விட்டார்.

காலை பத்து மணி இருக்கும். ரம்பம் கட்டைக்குள் முக்கால்வாசி போயிருந்தது. கிரீச்சென்று ஒரு சத்தம். அலகு அறுந்து, ஒரு துண்டு மச்சானின் கழுத்தில் — ஓடிப்போய் இரண்டு கையாலும் அமுக்கினேன். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். குமிழிதான் வந்தது. என் சட்டையைப் பிடித்திருந்த கை மெல்ல விட்டது.

"அக்கரைக்காரன் வேணும்னே விட்டுட்டான்" என்று ஒரு குரல். எல்லோரும் ஓடினோம். மரம் அடுக்கும் இடத்தில் நின்றிருந்தான். கட்டை புரட்டும் இரும்புக் கம்பி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன்? முதல் அடி தாடையில். எலும்பு உடைந்தது கம்பி வழியாக என் கைக்குத் தெரிந்தது. விழுந்தவனைப் பத்துப் பேர் மிதித்தோம். தலையில், காதில், விலாவில். "அக்கரைக்காரனுக்கு என்னடா அக்கறை" என்று சொல்லிச் சொல்லி ஒருவன் மிதித்தான். அதற்கு யாரோ சிரித்தார்கள். மச்சான் பத்தடி தூரத்தில் கிடக்கிறார், சிரிக்கிறார்கள்.

அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அண்ணே, அந்தக் கட்டைய எங்கிட்ட காட்டவே இல்லண்ணே."

நான் வாயிலேயே அடித்தேன்.

மார்ச் 11

அடக்கம் முடிந்தது. அக்கரைக்காரனுக்கு உயிர் இருக்கிறதாம்.

மார்ச் 13

போலீஸ் வந்து போனது. அவன் மர அடுக்கிலிருந்து தவறி விழுந்தான் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். யாரும் எதையும் பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்கள் என் தோளைத் தட்டுகிறார்கள். இறைச்சிக் கடைக்காரர் எலும்பில்லாத கறியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். மனைவி சமைத்தாள். நான் சாப்பிட்டேன்.

மார்ச் 15

இதை எங்கேயாவது எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

அந்தக் கட்டையை ரம்பத்தில் ஏற்றச் சொன்னது நான். டிடெக்டர் பேட்டரி தீர்ந்து சார்ஜில் கிடந்தது. பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லி அக்கரைக்காரன் கேட்டான். மச்சானும் பொறுக்கலாம் என்றார். நான்தான், "இவன் சொல்லி நாம நிக்கணுமா?" என்று பட்டையைத் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை, ஏற்று என்றேன். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் மண்ணுக்குள். ஒருவனுக்கு வாய் இல்லை.

"வேணும்னே விட்டுட்டான்" என்ற அந்தக் குரலும் என்னுடையதுதான்.

அடிக்கும்போது எனக்கு இது ஞாபகம் இருந்ததா? இருந்தது. அதனால்தான் வாயில் அடித்தேனா?

கட்டைக்குள் இருந்த இரும்பை மேனேஜர் மேசை மேல் வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்து ஷெல் என்று பார்த்தாலே சொல்லிவிடுவேன். அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மார்ச் 17

நேற்று மாலை, ஆற்றைக் கடந்து வந்து குடியேறியவர்களின் வரிசை வீடுகளுக்குள் நம் ஆட்கள் புகுந்தார்கள். கதவுகளைக் கோடாரியால் பிளந்தார்கள். ஒரு கிழவரைப் படியில் இழுத்துப் போட்டு முழங்காலை உடைத்தார்கள். இரண்டு வீடு எரிந்தது. மச்சான் பெயரைச் சொல்லிக்கொண்டே செய்தார்களாம்.

இன்று பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அனுப்பிவிட்டார்கள். அக்கரைக்காரனின் மகளும் அவள் வகுப்புதான். தண்ணீர் பாட்டிலால் அடித்து இரண்டு பல்லைப் பெயர்த்திருக்கிறாள். பாட்டில் இரும்பு. வீட்டுக்குள் வந்து பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவள் போல நின்றாள்.

"மாமாவுக்காகத்தான்ப்பா. முதல்ல தாடையில அடிக்கணுமாமே, நீங்க அப்படித்தான் அடிச்சீங்களாமே?"

அறைந்துவிட்டேன். சுவரில் மோதி விழுந்தாள். மறுபடி கை ஓங்கியபோது மனைவி காய் நறுக்கும் கத்தியோடு நடுவில் நின்றாள். கத்தி ஆடவே இல்லை. "இன்னொரு அடி விழுந்துச்சு, இன்னைக்கே நான் தாலியறுத்தவளாயிடுவேன்" என்றாள்.

சொல்லிவிட்டேன். பேட்டரி, பத்து நிமிடம், பட்டையைத் தடவியது, எல்லாம். மகள் கேட்டுக்கொண்டே தரையில் கிடந்தாள்.

மனைவி கத்தியை அடுப்புத் திண்டில் வைத்தாள். இரும்பு வாணலியை எடுத்தாள். தோளில், தலையில், முதுகில் — அவள் கை ஓயும்வரை அடித்தாள். நான் நின்றேன். பதினைந்து வருடமாக என்னை 'நீங்க' என்று மட்டுமே அழைத்தவள்.

"என் அண்ணனத் தின்னுட்டு, ஏழு நாளா என் கையாலயே சோறும் தின்னியேடா."

மார்ச் 18

மனைவியும் மகளும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலையில் ஆறு தையல். தவறி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். இந்த ஊரில் எல்லோரும் தவறித்தான் விழுகிறோம்.

மார்ச் 20

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கரைக்காரனின் மனைவி என்னை யாரென்று தெரியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். நான் யாரென்று சொன்னேன். அவள் கத்தவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர்களுடைய பெண். உதடு வீங்கி, சுவரைப் பார்த்தபடி.

அவன் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். ஒரு காது போய்விட்டது, இனி கேட்காதாம். ஒரு பக்கம் கேட்காமல் டிடெக்டர் வேலை எப்படிச் செய்வான்? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் கை காட்டி நிறுத்திவிட்டு, நோட்டை இழுத்து எழுதினான். கோணல் எழுத்து.

"எங்கிட்ட வேணாம். போலீஸ்ல சொல்லு. அப்பா தவறி விழுந்தாருன்னு என் பிள்ளை ஊர்ல சொல்லிட்டுத் திரியக் கூடாது."

மார்ச் 21

ஸ்டேஷனில் முதலில் எழுத மறுத்தார்கள். "முடிஞ்சத ஏன்யா கிண்டுற? ஊரே இப்பத்தான் அடங்கியிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். மச்சான் சாவும் என் தலையில்தான் விழும், தெரிகிறதா என்று கேட்டார். தெரியும் என்றேன். பேப்பர் வாங்கி நானே எழுதினேன். நான்கு பக்கம். மற்றவர்களின் பெயர் கேட்டார்கள். அதை எழுதவில்லை. என் கையில் இருந்த கம்பி முதல் அடி அடித்தது, அது உறுதி என்று எழுதினேன். கோழைத்தனமா? இருக்கலாம். அதற்கு மேல் முடியவில்லை.

மார்ச் 23

மில் வாசலில் மறித்தார்கள். நேற்றுவரை தோளைத் தட்டிய கைகள். "எதிரிக்காக சொந்த மச்சான் சாவயே காட்டிக் குடுக்குறியே" என்றான் கூடப் போரில் நின்றவன். விலாவில் இரண்டு எலும்பு போயிற்று. மூச்சு விட்டால் குத்துகிறது. நான் திருப்பி அடிக்கவில்லை என்று எழுத ஆசை. இல்லை, அடித்தேன். ஒருவனின் மூக்கை உடைத்தேன். என் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

ஏப்ரல் 2

நாளை நீதிமன்றத்தில் ஆஜராகச் சொல்லியிருக்கிறார்கள். சட்டை தோய்த்துப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 9

நான்கு வருடச் சிறை என்று தீர்ப்பாகி மூன்று மாதம் ஆகிறது. இங்கே தச்சுப் பட்டறையில் போட்டார்கள். மாற்றச் சொல்லிக் கேட்டேன். இப்போது துணி வெளுக்கிறேன்.

இன்று முதல் தடவையாக மனைவி வந்தாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம், மெலிந்திருந்தாள். தையல் கடையில் வேலையாம். அக்கரைக்காரன் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. வரிசை வீடுகள் பாதி காலி. மில்காரர்கள் யாரும் அவளோடு பேசுவதில்லை. இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நீங்க என்றும் சொல்லவில்லை, நீ என்றும் சொல்லவில்லை.

நேரம் முடியப் போகும்போது கேட்டேன், பாப்பா என்னைக் கேட்டாளா என்று.

"கேக்கல."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு அடி போனவள் நின்றாள்.

"ஸ்கூல்ல யாரையும் அடிக்கல" என்றாள். "இன்னைக்கு வரைக்கும்."