தனுஜா என்றால் நான்தானாம்

1997 ஜூன் 8, ஞாயிறு

றக்வானைக்கு வந்து மூன்று மாதம். இன்றும் மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. மழை, தூரம், நிலைமை சரியில்லை என்று மாமியார் சீதாதேவி வாரத்துக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். கடைக்கு மேலே எனக்கென்று ஓர் அறை, ஒரு சன்னல், சன்னலில் ஒரு மலை. தெஹியோவிட்ட தோட்டத்து லயத்தில் எட்டுப் பேர் ஒரே காம்பிராவில் நெருக்கியடித்துப் படுத்தபோது, தனி அறை வேண்டும் என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன். மாதா கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார்.

தாய் தகப்பன் இல்லாத, சீதனம் இல்லாத என்னைக் கடை முதலாளி ஜனகன் கேட்டு வந்தபோது அண்ணன் செபஸ்ரியன் அழுதேவிட்டான். சாமியறையில் தாலி கட்டியதோடு சரி. பதிவு பிறகு என்றார் கணவர். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாதவளுக்கு எதைப் பதிவது?

நான் இந்தக் கொப்பியில் ஜெபம் எழுதுவதாக மாமியார் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆமென்.

ஜூன் 17

பொலிஸார் வந்தார்கள். தமிழர் வீட்டில் யார் யார் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிய பட்டியலை வைத்து ஆள் பார்த்தார்கள். மூன்று பெயர்கள்: ஜனகன், சீதாதேவி, தனுஜா.

"கோ தனுஜா?" எங்கே தனுஜா என்று சிங்களத்தில் கேட்டார் ஒருவர். மாமியார் என்னை முன்னால் தள்ளினார். கணவர் ஓர் அடையாள அட்டையை நீட்டினார். படம் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும் அளவுக்கு மோசம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஔ", ஆமாம் என்றேன்.

தனுஜா அவருக்கு மாமன் மகளாம். குவைத்துக்குப் போயிருக்கிறாளாம். பட்டியலில் ஓர் ஆள் குறைந்தால் புலிக்குப் போய்விட்டாள் என்று வீட்டோடு அள்ளிக்கொண்டு போவார்களாம். என் அட்டை கிடைக்கும்வரை நான் தனுஜாவாம்.

எனக்கு இது பெரிதாகப் படவில்லை. எங்கள் தோட்டத்தில் செத்துப்போன சின்னம்மாவின் பெயரில்தான் அம்மா பதினொரு வருடம் ரப்பர் பால் வெட்டினார். கங்காணிக்கும் தெரியும், கிளாக்கருக்கும் தெரியும். செக்ரோல் வரவுப் பதிவைப் பார்த்தால், செத்த பிறகுதான் சின்னம்மா ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்திருக்கிறார்.

ஜூலை 2

அண்ணனுக்கு ஐந்தாவது கடிதம். தபாலில் போடுவது கணவர். பதில் வராதது அண்ணனின் சோம்பல் என்று அவரே சொல்லிவிட்டார். யோசிக்கும் சிரமம்கூட எனக்கு இல்லை.

ஜூலை 19

மாமியார் குளிக்கும் நேரம், பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரி ஜெஸீமா கூப்பிட்டுப் பேர் கேட்டார். பாடம் படித்த பிள்ளை போல, தனுஜா என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "தனுஜாவுக்கு நான்தான் சட்டை தைச்சது தங்கச்சி. முதலாளியோட சம்சாரம் அவ. குவைத்துக்குப் போயிட்டாண்டு சொன்னாங்க. எங்கிட்ட சொல்லாமப் போற ஆளில்ல அவ."

மாமன் மகள்தான். பொய் சொல்லவில்லை. மீதியைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

ஜூலை 20

கணவரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு நரம்புத் தளர்ச்சியாம், பின்சுவர்ப் பக்கம் யாருமே இல்லையாம். மாமியாரும் இல்லை என்கிறார். இரண்டு பேர் இல்லை என்றால் ஜெஸீமா இல்லை. ஒரு மணி நேரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

காலையும் மாலையும் ஒரு மாத்திரை. நாக்குக்கடியில் வைத்திருந்து வெற்றிலைக் கொடிக்குத் துப்புகிறேன். கொடிக்கு நரம்புத் தளர்ச்சி அறவே இல்லை.

ஓகஸ்ட் 1

தனுஜாவின் அப்பா கொடகவெலயில் இறந்துவிட்டார். மகள் குவைத்தில் என்று சொல்லிக் கணவர் மட்டும் போய்வந்தார். அங்கே உள்ள வீடு மகள் பெயரிலாம். உடனே மகள் குவைத்திலிருந்து திரும்பிவிட்டாள்! பதினோராம் தேதி பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு வீட்டைக் கணவருக்கு மாற்ற வேண்டுமாம்.

கையெழுத்துப் பழகுகிறேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காக அடி வாங்கியவள் நான். தனுஜாவின் கையெழுத்து நன்றாகவே வருகிறது.

ஓகஸ்ட் 5

கையெழுத்துப் போட்டதுக்குப் பெறகு தனுஜா எதுக்கு? திரும்பவும் குவைத்துக்கு அனுப்பிருவாங்க. முன்ன ஒருத்திய அனுப்புன மாதிரி. தெரேசம்மான்னு நான் ஒருத்தி இந்த வீட்டுக்கு வந்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு? ஒரு தாள் இல்ல. பொலிசுக்கிட்ட நானே 'ஔ'ன்னு சொல்லித் தொலைச்சேனே — மாதாவே, பயமா இருக்கு.

ஓகஸ்ட் 10, ஞாயிறு. கொடகவெல

தனுஜாவின் அம்மா தங்கம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் படலம். துக்கம் விசாரிக்க வந்த அயலார் வீடு நிறைய. எல்லோரும் புது முகங்கள். குடும்பம் இரண்டு வருடம் முன்புதான் இரத்தினபுரியிலிருந்து வந்தது; மகளை இங்கே யாரும் பார்த்ததில்லை. கணவர் எல்லாம் விசாரித்துத்தான் கூட்டி வந்திருக்கிறார். கையைப் பிடித்து 'அம்மா' என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்.

சொன்னேன். தங்கம்மா என் இடது கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவினார். திரும்பவும் தடவினார்.

"எம் புள்ளதான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பன் மொகத்தக் கடைசியாப் பாக்கக் குடுத்து வைக்கல. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடியுற வரைக்கும் எம் மக எங்கூட இருக்கட்டும். அதுக்கு முன்ன ஒரு கையெழுத்தும் வேணாம்."

அதுதானே முறை என்றார்கள் அயலார். அத்தனை பேர் முன்னால் எந்த மருமகன் மாட்டேன் என்பார்? அவர் சிரித்தே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க அந்த அம்மாவுக்குக் கண் இருந்திருக்கலாம்.

கார் போகும் சத்தம் அடங்கும்வரை என் கையை விடவில்லை. பிறகு கேட்டார்: "எம் மக கையில சூட்டுத் தழும்பு இருக்கும். நீ யாரு புள்ள?"

தெரேசம்மா என்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் வாயில் என் பேர்.

"எம் மக எங்க?"

தெரியாது என்றேன். தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

ஓகஸ்ட் 14

பொலிஸுக்குப் போனோம். ஜூனில் என்னைத் தனுஜா என்று எழுதியிருக்கிறார்கள், நானே ஒப்புக்கொண்டதாம். நான் தனுஜா இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். உயிரோடு இருக்கிறவள்தான் காணாமல்போனவள் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். அண்ணனுக்குத் தந்தி கொடுத்தோம்.

ஓகஸ்ட் 21

அண்ணன் வந்து சாட்சி சொன்னான். என் கடிதம் ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. ஜெஸீமாவும் வந்தார். இருக்கிறார், நல்லவேளை.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாராம். தனுஜாவை மாடிப்படியில் தள்ளியது மகன், வெளியே சொல்லாதே என்றது தாய். கடைக்குப் பின்னால் தோண்டியெடுத்தார்கள். தங்கம்மாவுக்கு நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுதவில்லை.

1998 மார்ச் 3

அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். தங்கம்மாவின் கண் ஒப்பரேஷன் முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

இன்று கட்டு அவிழ்த்தார்கள். முதலில் என்னைத்தான் பார்த்தார், வெகுநேரம். "தனுஜா நல்ல செவப்பு" என்றார். நான் தோட்டத்துக் கறுப்பு, என்ன செய்ய என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

சாயங்காலம் உள்ளேயிருந்து, "தனுஜா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று குரல் வந்தது.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.